விக்கெட்டில் கூறுகளின் நிலையும் டீபக் லாக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அப்பாச்சி விக்கெட், ஜாவாவில் இணையப் பயன்பாடுகளை எழுத உதவும் ஃபிரேம்வொர்க். ஜொனாதன் லாக் என்பவர் 2004இல் தொடங்கிய இந்தத் திட்டம் 2007இல் அப்பாச்சி அறக்கட்டளையின் முழுமையான திட்டங்களில் ஒன்றானது. இதில் பக்கம், படிவம், பொத்தான், பட்டியல் போன்ற கூறுகள் எல்லாமே சாதாரண ஜாவா பொருள்கள். ஒரு கோரிக்கைக்கும் அடுத்த கோரிக்கைக்கும் இடையில் தம் நிலையை அவையே வைத்துக்கொள்ளும். புதிதாக வருபவர்களுக்கு இது பெரிய வசதி. அதே நிலைதான் சில மாதங்களில் சர்வரின் நினைவகத்தைத் தின்கிறது, பழைய தரவைத் திரையில் காட்டுகிறது, எங்கே தவறு என்று தேடும்போது லாக்கையும் (நிரல் ஓடும்போது எழுதிவைக்கும் பதிவு) குழப்புகிறது. இங்குள்ள பதில்கள் பதிப்பு 8 முதல் 10 வரை பயன்படுத்துபவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. 8 ஜாவா 8இலும், 9 ஜாவா 11இலும், 10 ஜாவா 17இலும் ஓடும்.

ஒரு கூறின் "நிலை" என்பதில் எவையெல்லாம் அடங்கும்?

அந்தக் கூறின் கிளாஸில் நீங்கள் அறிவித்த ஃபீல்டுகள், அதற்குள் சேர்த்த குழந்தைக் கூறுகள், அதன் மாடல் (கூறு காட்டும் தரவைத் தரும் பொருள்), தெரியுமா மறைந்திருக்கிறதா, இயங்குமா இயங்காதா என்ற கொடிகள், பயனர் தட்டச்சு செய்து இன்னும் சரிபார்ப்பைத் தாண்டாத எழுத்து ஆகிய அனைத்தும் நிலைதான். பக்கம் என்பதே ஒரு பெரிய கூறு. அதைப் பிடித்து இழுத்தால் மொத்த மரமும் கூடவே வரும்.

கோரிக்கை முடிந்தபின் பக்கத்துக்கு என்ன ஆகிறது?

இதைப் புரிந்துகொண்டால் மற்ற பதில்களில் பாதி தாமாகவே விளங்கிவிடும். பக்கம் ரெண்டர் ஆகி (எச்டிஎம்எல்லாக எழுதப்பட்டு) முடிந்ததும் விக்கெட் எல்லாக் கூறுகளிலும் டிடாச் என்ற மெத்தடை அழைக்கிறது. தற்காலிகத் தரவைக் கைவிடுவதற்கான வாய்ப்பு அது. பிறகு, நிலை உள்ள பக்கமாக இருந்தால், முழுப் பக்கத்தையும் ஜாவா சீரியலைசேஷன் வழியாக பைட்டுகளாக்கி வட்டில் எழுதுகிறது. ஒரு செஷனுக்கு (ஒரு பயனரின் தொடர் வருகைக்கு) இயல்பாக ஒதுக்கப்படும் இடம் 10 மெகாபைட். அது நிரம்பியதும் மிகப் பழைய பக்கங்கள் இருந்த இடத்தில் புதியவை எழுதப்படும்.

பயனர் பிரவுசரின் பின்செல் பொத்தானை அழுத்தும்போது பழைய பக்கம் பழைய நிலையோடு திரும்பி வருவது இந்தச் சேமிப்பால்தான். உங்கள் பக்கம் 40 கிலோபைட் என்றால் 10 மெகாபைட்டில் ஏறத்தாழ 250 பக்கங்கள் பின்னோக்கிப் போகலாம். பக்கம் 2 மெகாபைட் என்றால் ஐந்தே பக்கங்கள்தான்.

தரவுத்தளத்திலிருந்து எடுத்த பொருளைக் கூறின் ஃபீல்டில் வைத்துக்கொண்டால் என்ன தவறு?

மூன்று தவறுகள். அந்தப் பொருளும் அதோடு கோத்திருக்கும் மற்றப் பொருள்களும் ஒவ்வொரு முறையும் பக்கத்தோடு சேர்ந்து வட்டுக்குப் போகும். அடுத்த கோரிக்கையில் திரும்பி வருவது அப்போது எடுத்த நகல்தான். இடையில் வேறொருவர் விலையை மாற்றியிருந்தாலும் உங்கள் பக்கம் பழைய விலையையே காட்டும். தரவுத்தள வரிகளை ஜாவா பொருள்களாக்கும் ஹைபர்நேட் நூலகத்தைப் பயன்படுத்தினால், தரவுத்தளத் தொடர்பு மூடப்பட்ட பிறகு பொருளின் உள்பட்டியலைத் தொட்டவுடன் லேஸி இனிஷியலைசேஷன் பிழை விழும்.

இதற்கு விக்கெட் தரும் மருந்து லோடபிள்டிடாச்சபிள்மாடல். அதில் நீங்கள் அடையாள எண்ணை மட்டும் வைக்கிறீர்கள். முதல் முறை கேட்கும்போது அது பொருளை ஏற்றும். அந்தக் கோரிக்கை முடியும்வரை அதையே திரும்பத் தரும். டிடாச் ஆகும்போது கைவிட்டுவிடும். ஏற்றிய பொருளை அது சீரியலைஸ் ஆகாத டிரான்சியன்ட் ஃபீல்டில் வைத்திருப்பதால் பைட்டுகளில் போவது எண் மட்டுமே. "எண்ணை வை, பொருளை வைக்காதே" என்ற இந்த ஒழுங்கு நிலைக்கு எவ்வளவு பொருந்துமோ, லாக்குக்கும் அவ்வளவு பொருந்தும். அதைக் கீழே விரிவாகப் பார்க்கலாம்.

நான் எந்தப் பொருளையும் ஃபீல்டில் வைக்கவில்லை. ஆனாலும் பக்கம் பெருத்திருக்கிறது. ஏன்?

பெயரில்லாத உள் கிளாஸ்களையும் லாம்டாக்களையும் பாருங்கள். பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் ஒரு நீக்கு இணைப்பு இருக்கிறது என்று வையுங்கள். அந்த வரியை நிரப்பும் மெத்தடில் முதலில் ஆர்டர் பொருளை ஓர் உள்ளூர் மாறியில் எடுக்கிறீர்கள். பிறகு இணைப்பின் கிளிக் மெத்தடுக்குள் அதே மாறியைப் பயன்படுத்துகிறீர்கள். ஜாவா கம்பைலர் அந்த மாறியை இணைப்பின் மறைமுக ஃபீல்டாக்கிவிடும். நூறு வரிகள் இருந்தால் நூறு ஆர்டர் பொருள்கள் பக்கத்தோடு சீரியலைஸ் ஆகும். குறிமுறையில் ஃபீல்டு என்று எதுவும் கண்ணுக்குத் தெரியாததால் மதிப்பாய்வில் இது எளிதாகத் தப்பிவிடுகிறது. கிளிக் மெத்தடுக்குள் வரியின் மாடலைக் கேட்டு அப்போது பொருளை எடுத்தால் போதும். லாம்டாவிலும் இதே விதிதான். வெளியிலிருந்து எதைப் பிடிக்கிறதோ அது கூடவே பயணம் செய்யும்.

லாக்கில் சீரியலைஸ் பிழை வருகிறது, ஆனால் பக்கம் ஒழுங்காகத் தெரிகிறது. பொருட்படுத்தாமல் விடலாமா?

விடக்கூடாது. பயனருக்குப் பதில் போன பிறகும் சேமிப்பு மட்டும் தோற்றுப்போகலாம். விக்கெட் அதைப் பிழையாக லாக்கில் எழுதிவிட்டுத் தொடர்ந்து ஓடும். கடைசிப் பக்கம் இன்னும் நினைவகத்தில் இருப்பதால் அடுத்த கிளிக்கும் வேலை செய்யலாம். பயனர் பின்செல் பொத்தானை அழுத்தும் நாளில்தான் "பக்கம் காலாவதியானது" என்ற திரை வரும். அதற்குள் காரணம் லாக்கில் வெகுதூரம் மேலே போயிருக்கும்.

நல்ல வேளையாக, விக்கெட் வெறும் பிழைப் பெயரோடு நிற்பதில்லை. சீரியலைஸ் ஆகாத கிளாஸின் பெயரைச் சொல்லி, அதன் கீழே பக்கத்திலிருந்து அந்தப் பொருள் வரையுள்ள ஃபீல்டுகளின் வரிசையை ஒவ்வொரு வரியாக உள்தள்ளி எழுதும். கடைசி வரியில் இடப்பக்கம் நோக்கிய நீளமான அம்புக்குறி இருக்கும். குற்றவாளி அங்கேதான் இருக்கிறான். மேலிருந்து படித்து நேரத்தை வீணாக்காமல் முதலில் அம்புக்குறியைத் தேடுங்கள். பிறகு அதற்கு மேலுள்ள இரண்டு மூன்று வரிகளைப் பார்த்தால் எந்தக் கூறின் வழியாக உள்ளே வந்தது என்பது தெரிந்துவிடும்.

ஸ்பிரிங் (ஜாவா சேவைப் பொருள்களை உருவாக்கித் தரும் ஃபிரேம்வொர்க்) சேவையைக் கூறில் வைத்தால் வேலை செய்கிறது. என் மாடலில் வைத்தால் நல் (வெற்று மதிப்பு) என்று வருகிறதே?

கூறுகள் உருவாகும்போது விக்கெட் ஒரு கேட்பானை அழைக்கிறது. ஸ்பிரிங்பீன் குறிப்புள்ள ஃபீல்டுகளை நிரப்புவது அந்தக் கேட்பான்தான். மாடல் ஒரு கூறு அல்ல என்பதால் அதற்கு இது தானாக நடப்பதில்லை. மாடலின் கன்ஸ்ட்ரக்டரில், நிரப்பும் வேலையைச் செய்யும் இன்ஜெக்டரைக் கேட்டு, இந்தப் பொருளை நிரப்பு என்று நீங்களே சொல்ல வேண்டும். நிரப்பப்படுவது உண்மையான சேவை அல்ல, சீரியலைஸ் ஆகக்கூடிய ஒரு பதிலி. எனவே பக்கத்தோடு சேர்ந்து மொத்த ஸ்பிரிங் சூழலும் வட்டுக்குப் போய்விடுமோ என்ற அச்சம் வேண்டாம்.

ஒரு கூறை மறைப்பதும் காட்டுவதும் எந்த மெத்தடில் இருக்க வேண்டும்?

ஆன்கான்ஃபிகர் மெத்தடில் செட்விசிபிளை அழையுங்கள். ஒரு கோரிக்கையில் அது ரெண்டருக்கு முன் கணக்கிடப்பட்டு அப்படியே நிற்கும். இஸ்விசிபிள் மெத்தடையே மாற்றி எழுதுவது பலர் விரும்பும் குறுக்குவழி. ஆனால் அதை விக்கெட் ஒரே கோரிக்கையில் பல முறை அழைக்கும். அதற்குள் தரவுத்தள வினா இருந்தால் அத்தனை முறையும் ஓடும். இடையில் பதில் மாறினால் பாதி ரெண்டரில் கூறு காணாமல் போகும்.

ஆன்பிஃபோர்ரெண்டர் மெத்தடில் மறைப்பது இதைவிடத் தந்திரமான பிழை. மறைந்திருக்கும் கூறுக்கு அந்த மெத்தடே அழைக்கப்படாது. ஒரு முறை மறைத்தால் மறுபடி காட்டும் வரி ஓடவே ஓடாது. எந்த மெத்தடை மாற்றி எழுதினாலும் மேல் கிளாஸின் அதே மெத்தடை அழைக்க மறக்காதீர்கள்.

அஜாக்ஸில் (முழுப் பக்கத்தையும் மறுபடி ஏற்றாமல் ஒரு பகுதியை மட்டும் புதுப்பிக்கும் முறை) ஒன்று கூடுதலாகத் தேவை. மறைந்த கூறுக்குப் பக்கத்தில் எந்த எச்டிஎம்எல்லும் இருக்காது. பிறகு அதைக் காட்டச் சொன்னால் பிரவுசருக்கு எங்கே வைப்பதென்று தெரியாது. செட்அவுட்புட்மார்க்அப்பிளேஸ்ஹோல்டர்டேக் என்ற நீண்ட பெயருள்ள மெத்தடுக்கு உண்மை என்று கொடுத்தால், மறைந்த நிலையிலும் ஓர் இடம்பிடிக்கும் குறி இருக்கும். இதை மறந்தவர்களின் பிரவுசர் கன்சோலில், அந்த அடையாளமுள்ள கூறு கிடைக்கவில்லை என்ற வரி வரும். சர்வர் லாக்கில் எதுவும் இருக்காது. அஜாக்ஸ் பிழை என்றால் இரண்டு இடங்களையும் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

பட்டியலுக்குள் உள்ள பெட்டிகளில் பயனர் தட்டச்சு செய்தவை, சரிபார்ப்பு தோற்றால் அழிந்துவிடுகின்றன. ஏன்?

பட்டியலைக் காட்டும் லிஸ்ட்வியூ என்ற கூறு இயல்பாக ஒவ்வொரு ரெண்டரிலும் தன் வரிகளை எல்லாம் எறிந்துவிட்டுப் புதிதாகக் கட்டுகிறது. தட்டச்சு செய்த எழுத்து உள்ளீட்டுப் பெட்டி என்ற கூறிடம் இருந்தது. அந்தக் கூறே இப்போது இல்லை. மாடலிலும் அது ஏறவில்லை, ஏனெனில் படிவத்தில் ஒரே ஒரு பெட்டி தவறாக இருந்தாலும் எந்தப் பெட்டியின் மதிப்பும் மாடலுக்குப் போகாது. பயனர் பத்து வரிகளில் அளவு நிரப்பி, ஒன்றில் எண்ணுக்குப் பதில் எழுத்தைப் போட்டுவிட்டால் பத்தும் போயிற்று.

படிவத்துக்குள் லிஸ்ட்வியூ பயன்படுத்தும்போது செட்ரீயூஸ்ஐட்டம்ஸ் உண்மை என்று கொடுங்கள். ஆனால் அதன்பின் பட்டியலில் வரி சேர்த்தாலோ நீக்கினாலோ பழைய வரிகள் தானாகப் புதுப்பிக்கப்படா. அந்த மாற்றத்தைச் செய்யும் இடத்தில் ரிமூவ்ஆல் அழைத்துவிடுங்கள். வரிகள் அடிக்கடி கூடிக் குறையும் திரை என்றால் ரிஃப்ரெஷிங்வியூவும் அதன் மறுபயன்பாட்டு உத்தியும் மேலும் பொருத்தம். மாடல் ஒன்றாக இருக்கும் வரிகளை மட்டும் அது வைத்துக்கொள்ளும். அதற்கு உங்கள் மாடலில் ஈக்வல்ஸ் மெத்தட் ஒழுங்காக எழுதப்பட்டிருக்க வேண்டும்.

மாடலின் மதிப்பை மாற்றினேன். பெட்டியில் பழைய எழுத்தே நிற்கிறது.

முந்தைய சமர்ப்பிப்பில் சரிபார்ப்பு தோற்றிருக்கும். அப்போது பயனரின் மூல எழுத்தை விக்கெட் பெட்டியிலேயே வைத்திருக்கிறது. அது இருக்கும்வரை மாடலைப் பார்க்காது. நீங்கள் மாடலை மாற்றும் இடத்தில் அந்தப் பெட்டிக்கோ முழுப் படிவத்துக்கோ கிளியர்இன்புட் அழையுங்கள்.

ஒரு டீபக் வரி (பிழை தேடுவதற்காக லாக்கில் எழுதும் வரி) சேர்த்ததிலிருந்து தேடல் முடிவு ஒரு படி பின்தங்கி வருகிறது. லாக் எப்படி நிரலைக் கெடுக்கும்?

கெடுக்கும். இந்தக் கேள்விக்குத்தான் மற்றவற்றைவிட நீளமாகப் பதில் சொல்ல விரும்புகிறேன்.

திரை எளிமையானது: மேலே தேடல் பெட்டி, அஜாக்ஸ் பொத்தான், கீழே முடிவுப் பட்டியல். தேடல் சொல் பக்கத்தின் ஃபீல்டில் இருக்கிறது. பட்டியலின் மாடல் லோடபிள்டிடாச்சபிள்மாடல். ஏற்றும்போது அந்தச் சொல்லை எடுத்துத் தரவுத்தளத்தைக் கேட்கும். எல்லாம் சரியாக ஓடிக்கொண்டிருந்தது. ஒருவர் படிவத்தின் ஆன்வேலிடேட் மெத்தடில், "தற்போதைய முடிவுகள்: இத்தனை" என்று எண்ணிக்கையை எழுதும் ஒரு டீபக் வரியைச் சேர்த்தார். அதன்பின் "அரிசி" என்று தேடினால் முன்பு தேடிய "பருப்பு" முடிவுகள் வருகின்றன. மறுபடி "சர்க்கரை" என்று தேடினால் "அரிசி" வருகிறது.

வரிசையைப் பாருங்கள். படிவம் வந்ததும் முதலில் சரிபார்ப்பு, பிறகுதான் பெட்டியின் மதிப்பு மாடலுக்கு ஏறும், பிறகு சமர்ப்பிப்பு மெத்தட், பிறகு ரெண்டர். டீபக் வரி சரிபார்ப்பின்போதே பட்டியல் மாடலிடம் பொருளைக் கேட்டுவிட்டது. அந்த நேரத்தில் பக்கத்தின் ஃபீல்டில் இருப்பது பழைய சொல். மாடல் பழைய சொல்லுக்கான முடிவை ஏற்றிக்கொண்டது. அதன் இயல்புப்படி கோரிக்கை முடியும்வரை அதையே தரும். ரெண்டர் நேரத்தில் லிஸ்ட்வியூ கேட்டபோதும் அதே பழைய பட்டியல்தான்.

இதில் இன்னொரு கொடுமை இருக்கிறது. டீபக் மட்டத்தை (லாக்கில் எவ்வளவு விவரம் எழுதுவது என்ற அமைப்பை) அணைத்தாலும் பிழை போகாது. லாக்கர் (லாக்கை எழுதும் பொருள்) எழுதுவதா வேண்டாமா என்று முடிவு செய்வது அழைக்கப்பட்ட பிறகு. அதற்கு அனுப்பும் மதிப்புகளை ஜாவா அதற்கு முன்பே கணக்கிட்டுவிடும். எனவே லாக் கோப்பில் ஒரு வரியும் இல்லாமல், தரவுத்தள வினாவும் ஓடி, திரையும் தவறாக இருக்கும். லாக்கைப் பார்த்துக் காரணம் தேடுபவருக்கு அங்கே எந்தத் தடயமும் கிடைக்காது.

டீபக் வரியை நீக்குவது முதல் திருத்தம். சமர்ப்பிப்பு மெத்தடில் தேடல் சொல் மாறியதும் பட்டியல் மாடலுக்கு டிடாச் அழைப்பது இரண்டாவது. இரண்டாவதையும் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு: நாளை வேறொருவர் முடிவுகளின் எண்ணிக்கையைப் பார்த்து ஒரு பொத்தானை மறைக்கும் குறிமுறையைத் தவறான இடத்தில் எழுதினாலும் இதே பிழை திரும்பும்.

அப்படியானால் டீபக் வரியில் எதை எழுதலாம்?

ஏற்கெனவே கையில் இருப்பதை மட்டும் எழுதுங்கள். பொருளின் அடையாள எண், பக்கத்தின் எண், கூறின் பாதை, ஒரு கொடியின் மதிப்பு, கணக்கிட்டு முடித்த நேர அளவு ஆகியவை பாதுகாப்பானவை. கூறின் பாதையைத் தரும் கெட்பேஜ்ரிலேட்டிவ்பாத் என்ற மெத்தட் எதையும் ஏற்றுவதில்லை. மாடலின் பொருள், தாமதமாக ஏற்றப்படும் பட்டியலின் அளவு, ஹைபர்நேட் பொருளின் டூஸ்டிரிங் (பொருளை எழுத்தாக்கும் மெத்தட்) ஆகியவற்றை எழுதாதீர்கள். கடைசியாகச் சொன்னது குறிப்பாக ஆபத்து. டூஸ்டிரிங்கைத் தானாக உருவாக்கும் கருவிகள் எல்லா ஃபீல்டையும் சேர்த்துவிடும். ஒரு லாக் வரிக்காகப் பத்து அட்டவணைகளில் வினா ஓடும்.

பொருளின் உள்ளடக்கம் உண்மையிலேயே வேண்டும் என்றால், இஸ்டீபக்எனேபிள்டு என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். லாக் எழுத உதவும் எஸ்எல்எஃப்4ஜே நூலகத்தின் பதிப்பு 2இல் மதிப்பை ஒரு லாம்டாவாகக் கொடுக்கும் வழியும் உண்டு. மட்டம் திறந்திருந்தால் மட்டுமே அது ஓடும். இரண்டுமே டீபக் மூடியிருக்கும்போதுதான் காப்பாற்றும். திறந்தவுடன் மேலே சொன்ன ஏற்றும் வரிசைச் சிக்கல் அப்படியே வந்துவிடும். "டீபக் போட்டால் மட்டும் பிழை வருகிறது, எடுத்தால் போய்விடுகிறது" என்ற புகார்களில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

பயனர் தட்டச்சு செய்ததை அப்படியே எழுதுவதிலும் எச்சரிக்கை தேவை. கடவுச்சொல், அட்டை எண் லாக் கோப்பில் போய் உட்கார்ந்தால் அதை யார் யார் படிப்பார்கள் என்பது உங்கள் கையில் இல்லை. உள்ளீட்டில் வரிமுறிவு இருந்தால் போலி லாக் வரியையே ஒருவர் உருவாக்கலாம். 2021 டிசம்பரில் வெளியான லாக்4ஷெல் ஓட்டை, லாக்4ஜே 2 நூலகம் எழுதும் வாசகத்துக்குள் இருந்த குறியீட்டைப் படித்து வெளிச் சர்வரை நாடியதால் வந்தது. தாக்குபவர் செய்ய வேண்டியிருந்ததெல்லாம் தன் வாசகம் லாக்கில் ஏறும்படி பார்த்துக்கொள்வதுதான்.

லாக்கரை எப்படி அறிவிப்பது?

பிரைவேட் ஸ்டாடிக் ஃபைனல். கூறின் சாதாரண ஃபீல்டாக வைத்தால் அதுவும் பக்கத்தின் நிலையாகிவிடும். ஜாவாவோடு வரும் லாக்கர் சீரியலைஸ் ஆகாது. அதை ஃபீல்டில் வைத்த பக்கம் சேமிப்பின்போது பிழை தரும். எஸ்எல்எஃப்4ஜே லாக்கர்கள் தாங்கும் என்றாலும் ஸ்டாடிக் என்று வைத்துவிட்டால் யோசிக்கவே வேண்டியதில்லை.

விக்கெட் உள்ளே என்ன செய்கிறது என்று பார்க்க எந்த லாக்கைத் திறப்பது?

விக்கெட் எஸ்எல்எஃப்4ஜே வழியாகவே எழுதுகிறது. பின்னால் உண்மையில் எழுதும் நூலகமாக லாக்பேக் இருக்கலாம், லாக்4ஜே 2 இருக்கலாம். மொத்த விக்கெட் தொகுப்பையும் டீபக்கில் திறக்காதீர்கள். வெளிச்சத்துக்குப் பதில் வெள்ளம்தான் வரும். பக்கம் தொலைகிறது என்றால் பேஜ்ஸ்டோர் தொகுப்பை மட்டும் திறங்கள். தவறான பக்கம் திறக்கிறது என்றால் ரிக்வெஸ்ட் தொகுப்பை மட்டும். மற்றவை எச்சரிக்கை மட்டத்தில் இருக்கட்டும்.

இதோடு விக்கெட்டிடமே ஒரு கோரிக்கை லாக்கர் இருக்கிறது. பயன்பாட்டின் இனிட் மெத்தடில் ரிக்வெஸ்ட்லாக்கர் அமைப்பை இயக்கினால், ஒவ்வொரு கோரிக்கைக்கும் இன்ஃபோ மட்டத்தில் ஒரு வரி எழுதும். எவ்வளவு நேரம் எடுத்தது, எந்தப் பக்கத்தின் எந்தக் கூறு அழைக்கப்பட்டது, பதிலாக எது போனது, செஷன் எது என்பவை அதில் இருக்கும். சாதாரண வெப்சர்வர் லாக்கில் முகவரி மட்டுமே தெரியும். இங்கே பொத்தானின் பெயரே தெரிகிறது. நேரடிச் சர்வரிலும் இதை இயக்கி வைக்கலாம் என்பது என் கருத்து. செஷன் அளவைக் கணக்கிடுவதை மட்டும் அங்கே அணைத்துவிடுங்கள். அளக்க ஒவ்வொரு முறையும் சீரியலைஸ் செய்ய வேண்டியிருக்கும்.

நான் எழுதும் எந்த லாக் வரியும் வருவதே இல்லை.

சர்வர் தொடங்கும்போது கன்சோலில் வரும் முதல் சில வரிகளைப் பாருங்கள். எஸ்எல்எஃப்4ஜே தனக்குப் பின்னால் எந்த வழங்குநரும் கிடைக்கவில்லை என்று அங்கே சொல்லியிருக்கும். அந்த நிலையில் எல்லா வரிகளையும் சத்தமின்றிக் கைவிட்டுவிடும். எஸ்எல்எஃப்4ஜே பதிப்பு 1.7க்கான இணைப்பு நூலகத்தைப் பதிப்பு 2இன் கீழ் வைத்தாலும் இதே கதைதான். 2 வழங்குநரைத் தேடும் முறையே வேறு. பழையதை அது கண்டுகொள்ளாது.

முகவரியின் கடைசியில் கேள்விக்குறியும் எண்களும் வருகின்றன. லாக்கில் அவற்றை எப்படிப் படிப்பது?

கேள்விக்குறிக்குப் பின் "3" என்று மட்டும் இருந்தால் அந்தச் செஷனில் அது 3ஆம் எண்ணுள்ள பக்கம். "3-1" என்று தொடங்கி ஒரு புள்ளி வந்து, பிறகு கோடுகளால் பிரித்த பெயர்கள் இருந்தால், 3 பக்க எண், 1 அந்தப் பக்கம் எத்தனையாவது முறை ரெண்டர் ஆனது என்பது, பெயர்கள் அழைக்கப்பட்ட கூறின் பாதை. பயனர் ஒருவர் "பொத்தானை அழுத்தினேன், ஒன்றும் ஆகவில்லை" என்றால் லாக்கில் இந்த இரண்டாம் எண்ணைப் பாருங்கள். சர்வரில் உள்ள பக்கம் அதற்குள் வேறொரு தாவலில் மறுபடி ரெண்டர் ஆகியிருந்தால் எண்கள் பொருந்தா. விக்கெட் அந்தக் கிளிக்கை ஓட்டாமல் பக்கத்தைப் புதிதாகக் காட்டிவிடும். அஜாக்ஸ் கோரிக்கைகளில் பக்க எண் மாறுவதில்லை. எனவே ஒரே எண்ணின் கீழ் நீண்ட வரலாறு இருக்கலாம்.

"பக்கம் காலாவதியானது" என்று அடிக்கடி வருகிறது. எங்கிருந்து தொடங்குவது?

லாக்கில் அதே செஷனுக்கு மேலே போய் சீரியலைஸ் பிழை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் பக்கத்தின் அளவு. அதுவும் சரியாக இருந்தால், ஒன்றுக்கு மேற்பட்ட சர்வர்கள் ஓடுகின்றனவா என்று கேளுங்கள்: பக்கங்கள் அந்தந்த சர்வரின் வட்டில் இருப்பதால், ஒரு பயனரின் கோரிக்கைகள் ஒரே சர்வருக்குப் போகும்படி, கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பிரித்து அனுப்பும் லோடு பேலன்சரை அமைக்கவில்லை என்றால் பாதிக் கோரிக்கைகள் பக்கத்தைக் காணாமல் திரும்பும். செஷன் நேரம் முடிந்ததைக் கடைசியாகச் சந்தேகித்தால் போதும்.

"பக்கத்தின் பூட்டு கிடைக்கவில்லை" என்ற பிழை?

ஒரு பக்கத்தின் ஒரு பிரதியை ஒரே நேரத்தில் ஒரு கோரிக்கைதான் தொடலாம். நிலை குழம்பாமல் இருக்க விக்கெட் வைத்திருக்கும் காவல் அது. மற்றவை வரிசையில் நிற்கும். இயல்பான காத்திருப்பு ஒரு நிமிடம். அதைத் தாண்டினால் இந்தப் பிழை. காத்திருந்த நேரத்தை நீட்டுவது தீர்வல்ல. பிழை வரியில் காத்திருந்த த்ரெட்டின் (கோரிக்கையை ஓட்டும் இழை) பெயர் இருக்கும். ஆனால் குற்றவாளி பூட்டைப் பிடித்திருந்த இன்னொரு த்ரெட். அது என்ன செய்துகொண்டிருந்தது என்று பார்த்தால், பெரும்பாலும் நீண்ட அறிக்கை ஒன்றையோ பதில் தராத வெளிச் சேவையையோ பக்கத்துக்குள்ளேயே அழைத்திருப்பீர்கள். அந்த வேலையைப் பின்னணிக்கு நகர்த்துங்கள்.

பக்கத்தின் அளவை நேரில் பார்க்க முடியுமா?

விக்கெட் டெவ்யூடில்ஸ் தொகுப்பைச் சேர்த்து, டெவலப்மென்ட் கருவிகளை இயக்கி, அடிப்படைப் பக்கத்தில் டீபக்பார் கூறைச் சேருங்கள். திரையின் மூலையில் பக்க அளவும் செஷன் அளவும் தெரியும். ஆய்வுப் பக்கத்துக்குப் போனால் கூறு வாரியாக மரத்தையும் அளவையும் காட்டும். புதிய திரை ஒன்றை முடித்ததும் அந்த எண்ணை ஒரு பார்வை பார்ப்பதை வழக்கமாக்குங்கள். நூறு கிலோபைட்டுக்கு மேல் போனால் எங்கோ ஒரு பொருள் உள்ளே நுழைந்திருக்கிறது என்றே நான் கருதுவேன்.

எந்த எச்டிஎம்எல் எந்தக் கூறிலிருந்து வந்தது என்று தெரிய, டீபக் அமைப்பில் கூறுப் பாதைக்கான பண்பின் பெயரைக் கொடுத்தால் ஒவ்வொரு குறியிலும் பாதை எழுதப்படும். தானியங்கிச் சோதனை எழுதுபவர்களுக்கும் இது உதவும்.

சர்வர் தொடங்கும்போது நட்சத்திரக் கட்டத்துக்குள் ஓர் எச்சரிக்கை வருகிறதே?

விக்கெட் டெவலப்மென்ட் முறையில் ஓடுகிறது என்று பொருள். எதுவும் சொல்லாவிட்டால் அதுதான் இயல்பு. அந்த முறையில் மார்க்அப் கோப்புகளின் மாற்றத்தைக் கண்காணிக்கும், பிழை வந்தால் முழு ஸ்டாக் விவரத்தையும் பயனருக்கே காட்டும். நேரடிச் சர்வரில் டெப்ளாய்மென்ட் முறையை அமைத்துவிட்டு, தொடக்க லாக்கில் அந்தக் கட்டம் இல்லை என்பதை வெளியீட்டுச் சரிபார்ப்பில் சேருங்கள்.

நிலையே இல்லாத பக்கமாக எழுத முடியாதா?

முடியும். பொதுப் பக்கங்களுக்கு அப்படித்தான் எழுத வேண்டும். ஸ்டேட்லெஸ்ஃபார்ம், ஸ்டேட்லெஸ்லிங்க் ஆகியவற்றைப் பயன்படுத்தினால் பக்கம் சேமிக்கப்படாது, செஷனும் தேவைப்படாது. ஒரே ஓர் அஜாக்ஸ் இணைப்பு சேர்ந்தாலும் முழுப் பக்கமும் நிலையுள்ளதாகிவிடும். எது கெடுத்தது என்று கண்டுபிடிக்க டெவ்யூடில்ஸில் ஸ்டேட்லெஸ்செக்கர் இருக்கிறது. பக்கத்துக்கு ஸ்டேட்லெஸ்கம்பொனென்ட் குறிப்பு இட்டுவிட்டால், விதி மீறப்படும்போது அது பிழை எறியும்.

நேரடிச் சர்வரில் ஒரு பயனருக்கு மட்டும் பிழை வருகிறது. அவருடைய வரிகளை மட்டும் லாக்கில் எப்படிப் பிரிப்பது?

எஸ்எல்எஃப்4ஜேயின் எம்டிசியை (லாக் வரிகளோடு சேர வேண்டிய குறிப்புகளை த்ரெட் வாரியாக வைக்கும் இடம்) பயன்படுத்துங்கள். கோரிக்கைச் சுழற்சிக்கான கேட்பான் ஒன்றை எழுதி, தொடக்கத்தில் பயனரின் உள் எண்ணையும் செஷனின் சுருக்க அடையாளத்தையும் எம்டிசியில் வையுங்கள். லாக் வடிவத்தில் அவற்றுக்கு இடம் கொடுங்கள். சுழற்சி முடியும் இடத்தில் கட்டாயம் துடையுங்கள். சர்வர் த்ரெட்டுகள் மறுபடி மறுபடி பயன்படுபவை. துடைக்காவிட்டால் அடுத்த பயனரின் வரியில் முந்தையவரின் எண் நிற்கும். பக்கத்தை வட்டில் எழுதும் வேலை இயல்பாகத் தனி த்ரெட்டில் நடப்பதால் அதன் வரிகளில் இந்த எண் இருக்காது. அங்கே செஷன் அடையாளத்தை வைத்துத்தான் பொருத்த வேண்டும்.

மட்டத்தை மாற்றச் சர்வரை நிறுத்தவும் வேண்டாம். லாக்பேக் அமைப்புக் கோப்பில் ஸ்கேன் என்ற பண்பும், லாக்4ஜே 2இல் மானிட்டர்இன்டர்வல் என்ற பண்பும் கோப்பு மாறியதைத் தாமே கவனித்து ஏற்றிக்கொள்ளும். பிழை வரும் அந்த ஒரு பக்கத்தின் கிளாஸ் பெயருக்கு மட்டும் டீபக் கொடுத்து, பயனரை மறுபடி முயலச் சொல்லி, வரிகள் கிடைத்ததும் திரும்ப மூடிவிடுங்கள்.